'சிவனேன்னு உட்காருங்க!'

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கால் தடுக்கிவிட்டால் போதும், மறுநாளே தடைகள் வரிசையாக வந்துவிடும். மாடி ஏறாதீர்கள், கொடியில் துணி காயப்போடாதீர்கள், தண்ணீர் வேண்டுமென்றால் கேளுங்கள், மற்றபடி சிவனேன்னு உட்காருங்கள். சொல்வது அக்கறையால்தான். அதற்குக் காரணமான பயத்தையும் குறைசொல்ல முடியாது: உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் அசைந்தால்தானே விழுவார்கள், அசையாமல் இருந்தால் விழமாட்டார்கள் என்ற கணக்கு தப்பு. அந்தத் தப்புக் கணக்கே அடுத்த விழுகைக்கு ஆளைத் தயார் செய்கிறது.

நிற்பது பார்ப்பதற்குத்தான் சும்மா இருப்பதுபோலத் தெரியும். கண்ணும், உள்காதும், பாதமும் மூட்டுகளும் நொடிதோறும் அனுப்பும் சேதிகளை மூளை ஒன்றுசேர்க்க, கெண்டைக்காலும் தொடையும் இடுப்பும் ஓயாமல் உடலைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தப்படும். புழங்காமல் விட்டால் இன்னும் வேகமாகச் சீர்குலையும். அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 11 பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். அதற்குள் அவர்களின் கால்களிலிருந்து சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துவிட்டது. நாற்காலி படுக்கை அல்லதான். ஆனால் அது பத்து நாளில் முடிவதுமில்லை. நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவரும் இரவில் கழிப்பறைக்கு எழுந்தே ஆக வேண்டும். அப்போது அவரைத் தாங்க வேண்டிய கால்களைத்தான் பகலெல்லாம் வலுவிழக்கச் செய்திருக்கிறோம்.

மாற்று வழிக்குச் சான்று தாராளமாகவே இருக்கிறது. 25 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த 108 சோதனைகளை காக்ரேன் என்னும் ஆய்வுக்குழு 2019-இல் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைத்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுவூட்டலும் சேர்ந்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதைவிட நம் வீடுகளுக்கு நெருக்கமானது ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனை. அதில் பயிற்சியை அன்றாட வேலைக்குள்ளேயே நுழைத்தார்கள்: நிற்கும் நேரத்தில் ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைப்பது, கீழ்த்தட்டில் உள்ளதை முழங்கால் மடக்கி எடுப்பது என்று. விழுதல்கள் 31 சதவீதம் குறைந்தன. நாம் எந்த வேலைகளைப் பிடுங்கிக்கொள்கிறோமோ, அவையே அங்கே மருந்தாயின.

பயிற்சியின்போதே விழுந்துவிட்டால்? நியாயமான கேள்வி. சமையல் மேடையையோ சுவரையோ பிடித்தபடி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். தலைசுற்றல், அண்மையில் எலும்பு முறிவு, நரம்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் கேட்டே தொடங்க வேண்டும். இனிமேல் இந்த வயதில் என்ன வலு வரும் என்பவர்களுக்கு பாஸ்டனில் 1990-இல் கிடைத்த பதில் உண்டு: முதியோர் காப்பகத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதினர் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்ததில் கால் வலிமை இருமடங்குக்கும் மேல் கூடியது. காலை நடையே போதாதா என்றால், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லதுதான். ஆனால் சமதரையில் நேராக நடப்பது தடுமாறும் கணத்துக்கு உடலைப் பழக்குவதில்லை. நடை மட்டுமே விழுதலைக் குறைக்கும் என்பதற்கு காக்ரேன் தொகுப்பிலும் உறுதியான சான்று இல்லை. வழுக்கும் குளியலறைக்குக் கைப்பிடி, இரவு விளக்கு, தூக்க மாத்திரை குறித்த மறுபரிசீலனை எல்லாமே அவசியம்தான். ஆனால் கோயில் படியையும் பேருந்துப் படியையும் யாரும் நமக்காகத் தாழ்த்திவைக்கப் போவதில்லை.

இந்தப் பயிற்சியின் பலன் சேமித்து வைக்கக்கூடியதும் அல்ல; நிறுத்தினால் கரைந்துவிடும். ஆகவே பெரியவருக்காகத் தண்ணீர் கொண்டுவந்து தரும் கை, அவர் தானே எழுந்து போய் மொண்டு குடிக்கும்வரை பக்கத்தில் காத்திருக்கப் பழக வேண்டும். அதற்குக் கூடுதலாக ஆகும் இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான், பல வேளைகளில், அவரை உட்காரச் சொல்கிறோம்.