எடைக்கருவி சொல்லும் எச்சரிக்கை

நாட்பட்ட நோய்கள் ஒரே இரவில் முற்றிவிடுவதில்லை. நெடுநாள் ஒரே நிலையில் நிற்பதுபோல் தோன்றி, ஓர் எல்லையைக் கடந்ததும் சில நாட்களிலேயே சரிந்துவிடுகின்றன. அந்த எல்லைக்கு முன்பே உடல் சில குறிப்புகளைத் தருகிறது. இதயம் வலுவிழந்தவர்களிடம் இதனைத் தெளிவாகக் காணலாம்.

வங்கியில் பணியாற்றியோருக்கு இது பழகிய செய்தி. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். ஆயினும் முதல் 30 நாட்கள், அடுத்த 30 நாட்கள் என நிலுவை வளரும்போதே அக்கணக்கைத் தனிக் கவனத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. முன்னதாகக் கவனித்த கணக்கை மீட்பது எளிது.

தளர்ந்த இதயம் போதிய இரத்தத்தைச் செலுத்த இயலாதபோது, உடலில் நீர் குறைந்துவிட்டதாகக் கருதிச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கிறது. தேங்கிய நீர் இதயத்துக்கு மேலும் சுமையாகிறது; சுமை கூடக்கூட இதயம் இன்னும் தளர்கிறது. இந்தச் சுழலை மருந்துகள் அடக்கி வைக்கின்றன. அவற்றையும் மீறி நீர் சேர்ந்துவிட்டால், நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு விரைய நேரிடும்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எனவே 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால், அது பெரும்பாலும் சதையன்று, நீரே. கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுதல், படுத்தால் இருமல், உறங்க இரண்டாவது தலையணை தேவைப்படுதல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. பழகிய படிகளை ஏறியபின் மூச்சு அடங்க முன்பைவிட நேரமாவது மிக நுட்பமான அறிகுறி. இவற்றை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்கிவிடலாகாது.

இதய நோயுள்ளோர் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வரவேண்டும். எடை அவ்வாறு ஏறினால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். படுக்க இயலாதபடி மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தலயாத்திரையின்போது வழியில் கழிப்பறை கிடைக்காதே என்றஞ்சி, நீர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் நம்மில் உண்டு. விரத நாளில் மாத்திரையைத் தவிர்ப்போரும் உளர். முன்கூட்டியே கேட்டால், மாத்திரை உண்ணும் நேரத்தை மாற்றிக்கொள்ள மருத்துவர் வழி சொல்வார். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் உடலில் உப்பையும் நீரையும் தேக்குபவை. ஊறுகாயும் அப்பளமும் உப்பைக் கூட்டுபவையே.

பிள்ளைகளுக்குத் தொல்லை தரலாகாது என்று கால் வீக்கத்தை மறைப்பதில் பயனில்லை. இன்று ஒரு சொல்லால் தீர்வது, மறைத்தால் நாளை அவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிறுத்தக்கூடும். காலையில் விளக்கேற்றும் வழக்கத்தோடு எடையைக் குறிக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்வோமாக.