70 கிலோ எடையில் சிறந்த அடிதடிக்காரர் யார்? என் ஓட்டு போரியேவுக்கு



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வாரமாக நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யுஎஃப்சி லைட்வெயிட் பிரிவில், நின்றபடி குத்தியும் உதைத்தும் ஆடுவதில் சிறந்தவர் யார் என்று ஆரம்பித்தது. இப்போது "உனக்கு என்னடா தெரியும்" என்பதில் வந்து நிற்கிறது. நடுவில் ஒருவன் "சார் சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டான். குழுவில் எழுதினால் பாதியிலேயே யாராவது காலை வணக்கம் பூப்படம் போட்டுவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

"ரிட்டயர் ஆன வாத்தியார் பார்க்கிற காரியமா இது?" என்று என் அக்கா ஏற்கெனவே கேட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவன் டிவியில் போடுவான், நானும் காபியோடு உட்காருவேன். அப்படித்தான் பழகியது. முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதில் பார்க்க நிறைய இருக்கிறது அக்கா. தூரம், நேரம், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது, எல்லாமே பாடம்தான்.

விஷயம் தெரியாத உறவுகளுக்காக இரண்டு வரி. லைட்வெயிட் என்றால் 155 பவுண்டு வரை, அதாவது சுமார் 70 கிலோ. கையுறை 4 அவுன்ஸ்தான், குத்துச்சண்டைக் கையுறையில் பாதிகூட இருக்காது. ஒரு சுற்று 5 நிமிடம். பட்டத்துக்கான ஆட்டம் என்றால் 5 சுற்று, 25 நிமிடம். குத்தலாம், உதைக்கலாம், முழங்கையால் இடிக்கலாம், காலை வாரிக் கீழே தள்ளலாம், கழுத்தை நெரித்துத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கலாம்.

இந்தக் கடைசி இரண்டையும் பாதிப் பேர் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்பதுதான் என் முதல் குறை. எதிராளி எந்த நேரமும் இடுப்பைப் பிடிக்க வருவான் என்ற பயத்தோடு குத்துவது ஒரு தனி வித்தை. உயரமாக உதைத்தால் காலைப் பிடித்துக்கொள்வான். தலையைத் தாழ்த்தி நழுவினால் முழங்கால் வரும். குத்துச்சண்டைக்காரன் மாதிரி முன்காலில் எடையை ஊன்றி நின்றால் கெண்டைக்காலில் உதைப்பான். இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் அடிப்பவனைத்தான் நான் கெட்டிக்காரன் என்பேன். அழகான காணொளித் துண்டு எத்தனை இருக்கிறது என்பது என் கணக்கில் பின்னால்தான் வரும்.

மெக்ரிகர் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 2016 நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடி அல்வாரெஸை அவர் அடித்த அடி, இந்தப் பிரிவில் நான் பார்த்த மிகச் சுத்தமான வேலைகளில் ஒன்று. அல்வாரெஸ் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அரை அடி பின்வாங்கி, அந்த இடது கையை வைப்பார். எதிராளி தன் வேகத்தையும் சேர்த்துத் தானே போய் மோதிக்கொள்கிறார். இரண்டாவது சுற்றில் முடிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுப் பட்டம் வைத்திருந்த முதல் யுஎஃப்சி வீரர் என்ற பெயரும் வந்தது. இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் யுஎஃப்சி லைட்வெயிட்டில் அவர் ஜெயித்த ஆட்டங்களை எண்ணுங்கள். அது ஒன்றுதான். ஆல்டோவை 13 விநாடியில் வீழ்த்தியது ஃபெதர்வெயிட். செரோனியை 40 விநாடியில் முடித்தது வெல்டர்வெயிட். லைட்வெயிட்டில் 2018இல் கபீபிடம் தோல்வி, 2021இல் போரியேவிடம் இரண்டு தோல்வி. கடைசி ஆட்டம் கால் முறிந்து நின்றது, அதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். ஒரு பாடத்தில் ஒரு தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவனைப் பாராட்டலாம், அதற்காக வகுப்பில் முதலிடம் கொடுக்க முடியாது.

அந்த 2021 ஜனவரி ஆட்டம்தான் என் கட்சிக்கு முக்கியமான சாட்சி. இதே இருவரும் 2014இல் ஃபெதர்வெயிட்டில் மோதியபோது மெக்ரிகர் முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிடத்துக்குள், போரியேவை முடித்துவிட்டார். ஆறு வருஷம் கழித்து அபுதாபியில் மறுபடி சந்திக்கிறார்கள். மெக்ரிகர் குத்துச்சண்டை பாணியில், வலது காலில் எடையை வைத்துப் பக்கவாட்டில் நிற்கிறார். போரியே அந்தக் கெண்டைக்காலை உதைக்கிறார். திரும்பத் திரும்ப அதே இடம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டியே போகிறது. அங்கே அடி விழுந்துகொண்டே இருந்தால் பாதம் சொன்ன பேச்சைக் கேட்காது. கால் போனால் பின்வாங்க முடியாது. பின்வாங்க முடியாவிட்டால் மெக்ரிகரின் இடது கைக்கு வேண்டிய அந்த அரை அடி தூரம் கிடைக்காது. இரண்டாவது சுற்றில் கூண்டுக் கம்பியோரம் தள்ளி, கையால் முடித்தார். கையால் விழுந்தார் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, காலால் விழுந்தார். கை கையெழுத்து மட்டும் போட்டது.

டஸ்டின் போரியே லூசியானா மாநிலத்து லாஃபயெட் ஊர்க்காரர். அவரை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்த எடையில் அவர் நின்று அடித்து வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள்: அல்வாரெஸ், கேத்ஜி, ஹாலோவே, மெக்ரிகர். நான்கு பேரும் நான்கு விதம். கேத்ஜியோடு 2018இல் ஆடியபோது கால் முழுக்க உதை வாங்கி நொண்டிக்கொண்டே நான்காவது சுற்றில் முடித்தார். 2019 ஏப்ரலில் ஹாலோவேயை இடைக்காலப் பட்டத்துக்காக 25 நிமிடம் சமாளித்து, மூன்று நடுவர்களிடமும் 49-46 வாங்கினார். குத்திக்கொண்டே நடந்து, நடக்கும்போதே நிலையை மாற்றுவார். இடது கை குத்து போகும்போது இடது காலும் முன்னால் வந்துவிடும். எதிராளி பின்வாங்கித் தப்பித்தோம் என்று நினைக்கும் இடத்தில் அடுத்த கை காத்திருக்கும். பின்னால் போகிறவனை எட்டிப் பிடிக்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

"முழுப் பட்டம் ஒருமுறைகூட வாங்கவில்லையே சார்" என்று சொல்வீர்கள். உண்மை. கபீப், ஒலிவேரா, மகாசேவ் என்று மூன்று முறை முயன்று மூன்றிலும் தோற்றார். மூன்றும் கழுத்துப் பிடியில். நாம் பேசுவது நின்று அடிப்பதைப் பற்றி. அந்த மூவரில் ஒருவரும் அவரை அடித்து வீழ்த்தவில்லை.

இப்போது ஜஸ்டின் கேத்ஜி. இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, அக்காவுக்குப் பதிலும் இங்கேதான் வருகிறது. கல்லூரி நாளில் நல்ல மல்யுத்த வீரர். ஆனால் யுஎஃப்சிக்கு வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு அடி வாங்கி இரண்டு அடி கொடுப்பது என்று ஆடினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. 2017 டிசம்பரில் அல்வாரெஸ், நாலே மாதத்தில் போரியே, இரண்டு பேரும் அவரை வீழ்த்தினார்கள். வீரம் இருந்தது, சேமிப்பு இல்லை.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. பயிற்சியாளர் ட்ரெவர் விட்மனோடு சேர்ந்து அடியைக் குறைத்துக் குறியைக் கூட்டினார். வரிசையாக மூன்று பேரை முதல் சுற்றிலேயே முடித்தார். 2020 மே மாதம், கொரோனா காலம், ஜாக்சன்வில்லில் ஆளே இல்லாத அரங்கம். தொடர்ந்து 12 ஆட்டம் ஜெயித்து வந்த டோனி ஃபெர்குசன் எதிரில். பார்வையாளர் இல்லாததால் ஒவ்வொரு அடியின் சத்தமும் தனியாகக் கேட்டது. கேத்ஜி அவசரமே படவில்லை. ஒரு குத்து, நகர்தல், காலுக்கு ஓர் உதை, மறுபடி நகர்தல். ஐந்தாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். முந்தைய கேத்ஜி அந்த ஆட்டத்தை ஜெயித்திருக்கலாம், ஆனால் தானும் பாதி உடைந்திருப்பார்.

இதில் எனக்கு உறுத்துவது ஃபெர்குசன். அந்த இரவில் வாங்கியதை எல்லோரும் "என்ன உடம்புடா, விழவே மாட்டேங்கிறான்" என்று வியந்தார்கள். அந்த ஆட்டத்தோடு சேர்த்து 2024 வரை அவர் வரிசையாக 8 ஆட்டம் தோற்றார். வயதும் ஒரு காரணம்தான், அப்போதே 36. என்றாலும் தலையில் வாங்கிய அடி வங்கிக் கடன் மாதிரி, வட்டியோடு திரும்பக் கேட்கும். ஆகவேதான் "யார் அதிகம் அடி தாங்குவான்" என்பதை இந்தப் போட்டியில் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்க்க மறுக்கிறேன். அடி வாங்காமல் அடிப்பவன்தான் தொழில் தெரிந்தவன். நம் உறவில் ஒரு பிள்ளை ஜிம்மில் இதைக் கற்கிறான், அவன் இதைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, பயிற்சியில் தினமும் தலையில் அடி வாங்குவதைப் பெருமையாகச் சொல்லும் இடமாக இருந்தால் அங்கே போகாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கேத்ஜியும் போரியேவும் ஒன்றுக்கு ஒன்று. 2023 ஜூலையில் இரண்டாவது சுற்றில் தலைக்கு ஓர் உதை, போரியே அங்கேயே சாய்ந்தார். சமநிலைதானே, ஏன் கேத்ஜிக்கு இரண்டாம் இடம் என்றால், முதல் இரண்டு வருஷம் அவர் வீணாக வாங்கிய அடிக்காகக் குறைத்திருக்கிறேன். இது என் திருத்தும் முறை. அப்போதே உங்களுக்குப் பிடிக்காது.

மேக்ஸ் ஹாலோவே கட்சிக்காரர்கள்தான் எனக்குச் சரியான எதிரிகள். ஹவாய் மாநிலத்து வையனே ஊர்ப் பையன். ஃபெதர்வெயிட்டில் கால்வின் கட்டர் மீது ஒரே ஆட்டத்தில் 445 பலமான அடிகளை இறக்கியவர். 2024 ஏப்ரலில் கேத்ஜியோடு ஆடி, புள்ளியில் முன்னணியில் இருந்தபோதும், கடைசி பத்து விநாடியில் தரையைக் காட்டி "இங்கே வா, நின்று அடிப்போம்" என்று கூப்பிட்டு, ஒரு விநாடி மிச்சமிருக்கையில் வீழ்த்தினார். சின்னவன் சோபாவில் ஏறிக் குதித்தான். நான் குதிக்கவில்லை, முழங்கால் வலி. ஜெயித்த ஆட்டத்தை எதற்குச் சூதாட வேண்டும் என்று அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். 2025 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில், போரியேவின் கடைசி ஆட்டத்தில், அவரையும் புள்ளியில் ஜெயித்தார். எல்லா எடையையும் சேர்த்துக் கேட்டால் ஹாலோவேதான் சிறந்தவர், தயங்காமல் சொல்வேன். 70 கிலோவில் மட்டும் என்றால் அவர் ஆடிய ஆட்டங்கள் கொஞ்சம். போரியே அங்கேயே குடியிருந்தவர், ஹாலோவே வந்து போனவர்.

இலியா டோபூரியா பெயரைச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 2025 ஜூனில் ஒலிவேராவை முதல் சுற்றிலேயே சாய்த்தது சாதாரண வேலை இல்லை. குறுகிய இடத்தில் இப்படிக் கச்சிதமாகக் குத்துபவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வெற்றியையும் சேர்த்து லைட்வெயிட்டில் அவருக்கு யுஎஃப்சியில் அதுவரை இரண்டே ஆட்டம். விடைத்தாள் இன்னும் முழுதாக வரவில்லை.

அழகுக்காக மட்டும் என்றால் இரண்டு பேர். 2010 டிசம்பரில் கூண்டுக் கம்பியில் கால் வைத்து எம்பி பென்சன் ஹெண்டர்சனின் முகத்தில் உதைத்த ஆண்டனி பெட்டிஸ். 2012 ஜனவரியில் ரியோவில் சுழன்று குதிகாலால் டெர்ரி எட்டிமைச் சாய்த்த எட்சன் பார்போசா. பார்போசாவின் உதை வேகம் இன்றும் எனக்குக் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே நோய், பின்னால் தள்ளினால் ஆட்டம் அடங்கிவிடும். பெட்டிஸை டோஸ் அன்ஜோஸ் 2015இல் ஐந்து சுற்றும் வேலியோரமே வைத்திருந்து பட்டத்தை வாங்கிப் போனார். பார்போசாவை கபீப் அதே மாதிரி. உதைக்க இடம் வேண்டும், இடத்தை யார் விடுவார்கள்?

நம் நாட்டுப் பெயர் ஒன்றும் இருக்கிறது, அதுவும் என் தொழிலில் இருந்தே. உத்தரகாண்டின் அன்ஷுல் ஜூப்லி முன்பு கணக்கு வாத்தியார். 2023 பிப்ரவரியில் ரோடு டு யுஎஃப்சி லைட்வெயிட் போட்டியை ஜெயித்து உள்ளே போனார். பிறகு இரண்டு ஆட்டம் தோற்றார், இரண்டாவது 19 விநாடியில் முடிந்தது. சிறந்தவர் பட்டியலில் சேர்க்க முடியாதுதான். இருந்தாலும் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, இயற்பியல்காரன் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆக என் வரிசை: போரியே, கேத்ஜி, ஹாலோவே. அடுத்து மெக்ரிகர். டோபூரியாவுக்கு ஒரு நாற்காலி காலியாக வைத்திருக்கிறேன். ஹாலோவே கட்சி கமெண்ட்டில் வரலாம், கேட்கத் தயார். மெக்ரிகர் கட்சி முதலில் லைட்வெயிட் வெற்றிகளை எண்ணிவிட்டு வரவும். ஒரு விரலுக்கு மேல் யாராவது காட்டினால் எந்த ஆட்டம் என்று தேதியோடு எழுதுங்கள்.