மாட்டுப் பொங்கலன்றும் ரீடிங்!

"ஆடிட் வருது" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். தீயணைப்பான் மேல் படிந்த தூசு போகும். முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வரும். மூலையில் கிடந்த கையுறையும் முகமூடியும் ஆட்கள் மேல் ஏறும். தோல் வாங்கும் பையர் அனுப்பிய ஆள் எல்லாவற்றையும் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு சென்னைக்குக் கிளம்புவார். அவர் கார் காவேரிப்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் முகமூடியெல்லாம் பழையபடி ஆணியில் தொங்கும்.

காவேரிப்பாக்கத்தில் பஸ் பிடித்து ராணிப்பேட்டை போய், இந்தப் பதிவேடுகளோடு மாரடிக்கிறவன் நான். கழிவுநீர் நோட்டை ஒருநாள் புரட்டினேன். ஜனவரி மாதம் முழுக்க பி.எச். 7.2, 7.2, 7.2. ஒரே நீல மை, ஒரே சாய்வு. மாட்டுப் பொங்கலன்று ஒரு டிரம்கூட ஓடவில்லை, கேட்டுக்குள் வாட்ச்மேனைத் தவிர ஈ காக்கை இல்லை. அன்றைக்கும் 7.2! எழுதின பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், "காலியா விட்டா ஆடிட்ல என்.சி. போடுவாங்கண்ணே" என்கிறான். என்.சி. என்றால் ஆடிட்டர் குறித்துவைக்கும் குறை. லீவு என்று எழுத வேண்டிய இடத்தில்கூட நம்பரைப் போட்டால்தான் பிழைக்க முடியும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான்.

கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டிய அன்று தாண்டியது என்று எழுதுகிறவருக்கு மெமோ. எழுதாமல் விடுகிறவருக்கு, 'இந்த மாதம் மீறல்: பூஜ்ஜியம்' என்று நோட்டீஸ் போர்டில் பாராட்டு. இப்படி இருந்தால் எவன் எழுதுவான்? எழுதாத தப்பை யாரும் திருத்தப் போவதில்லை, திருத்தாத தப்பு அடுத்த மாதமும் வரத்தான் செய்யும்.

உப்பாவது மெல்லக் கொல்லும். சுண்ணாம்பு ஏற்றும் இடத்திலிருந்து வரும் தண்ணீரில் சோடியம் சல்பைடு இருக்கும். அது அமிலம் கலந்த கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தொட்டிக்குள் இறங்கினவன் சுருண்டு விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். இதைத் தடுக்கத்தான் கேஸ் டிடெக்டர். அது எங்கே? தொலைந்துவிடுமாம், ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஆனால் செக்லிஸ்ட்டில் 'டிடெக்டர் உள்ளதா?' என்ற கேள்விக்கு நேரே அழகான டிக். பொய் என்றும் சொல்ல முடியாது, இருக்கத்தானே செய்கிறது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் ஆளையே காவு வாங்கும்.

வேறெங்கும் போக வேண்டாம். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகாவது நம் பதிவேடுகளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

கோர்ட்டும் சொல்லாமல் இல்லை. டேனரிக் கழிவால் பாலாறு கெடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, கெடுத்தவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2025 ஜனவரி 30-ல் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், குழு போட்டுக் கண்காணியுங்கள் என்று மறுபடியும் அதே உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது. அந்தப் பாலாற்று அணைக்கட்டுத் தண்ணீரை நம்பித்தான் எங்கள் காவேரிப்பாக்கம் ஏரியும் இருக்கிறது. டேனரிக்குள் பூசி மெழுகுவது டேனரியோடு நிற்பதில்லை.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். இருக்கிற நோட்டிலேயே ஐந்து கட்டம் போடலாம்: என்ன தப்பு, ஏன் நடந்தது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், சரிசெய்ததை நேரில் போய்ப் பார்த்தது யார். கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளியே கையெழுத்துப் போடக் கூடாது. ஒரே தப்பு மூன்றாம் முறை வந்தால் ஆபரேட்டருக்கு மெமோ அடிக்காமல், பம்ப் வாங்கப் பணம் தராத மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பது மட்டும் எல்லார் போனிலும் இருக்கிறது. தொட்டிச் சுவரை யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்பது எவர் போனிலும் இல்லை. முதலில் அதை எழுதச் சொல்லுங்கள்.

முதலாளிமாரே, அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் பூஜ்ஜியத்தைப் பார்த்தால் தயவுசெய்து கைதட்டாதீர்கள். எழுதப் பயந்தவர் யார் என்று விசாரியுங்கள்.