எலுமிச்சை மணக்கும் கஞ்சாவும் ஈரக்காற்றும்

போன மாதம் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. தாய்லாந்தில் ஒரு பசுமைக்குடில். மார்பளவு உயரச் செடிகள், நுனியில் கெட்டியாகத் திரண்ட பூக்கள். எலுமிச்சைத் தோலைக் கசக்கியது போல மணக்கும் கஞ்சா ரகம் என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். அனுப்பியவர் ஓசூர் பக்கம் ஜெர்பரா பயிரிடும் இளைஞர். ‘அண்ணே, நம்மகிட்டயும் இதே குடில்தானே இருக்கு?’ என்று கீழே ஒரு வரி.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால், ‘அரசு அனுமதி மட்டும் கொடுத்துவிட்டால் அள்ளிவிடலாம்’ என்று நினைப்பவர்கள் நம்மில் பெருகி வருகிறார்கள். தாய்லாந்தில் சட்டம் வழிவிட்டது. காற்றும் சந்தையும் வழிவிடவில்லை. நம் குடில்காரர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த எலுமிச்சை மணத்தில் மாயம் எதுவும் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனின் என்ற அதே பொருள்தான் முக்கியக் காரணம். பூவின் மேலுள்ள பிசுபிசுப்பான நுண்சுரப்பிகளில் அது தங்கியிருக்கிறது. இப்படி மணக்கும் ரகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், ஈரப்பதத்தை இயந்திரம் கட்டுப்படுத்தும் மூடிய அறைகளில், விளக்கொளியில் தேர்வு செய்யப்பட்டவை. பூ கெட்டியாக இருந்தால்தான் விலை என்று கெட்டியான பூவையே தேடித் தேடி எடுத்தார்கள். தாய்லாந்தின் பழைய நாட்டு ரகங்களோ உயரமாக வளர்ந்து, நீளமான, காற்றோட்டமான பூங்கொத்து விடுபவை. ‘அணில் வால்’ என்ற பொருளில் அங்கே ஒரு ரகத்துக்குப் பெயரே உண்டு. மழை நாட்டில் காலங்காலமாக இருந்த செடி வால் போலப் பூத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மூடிய அறைச் செடியை ஈரக்காற்றில் கொண்டுவந்து வைத்தார்கள்.

பகல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். அப்படியென்றால், பகலில் 60 சதவீத ஈரப்பதம் காட்டிய அதே காற்று, இரவில் குளிர்ந்ததும் நூறைத் தொட்டுத் தண்ணீராகக் கொட்டும். பாலித்தீன் தாளின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, விடியும்போது செடி மேல் சொட்டுவது நாம் தினமும் பார்ப்பதுதான். போதாததற்கு, சொட்டுநீரில் நாம் விடும் தண்ணீரில் செடி உடம்பில் வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். மீதியெல்லாம் இலை வழியாகக் குடிலின் காற்றுக்கே வந்து சேர்கிறது.

ஜெர்பராவிலும் ரோஜாவிலும் பொட்ரைடிஸ் பூஞ்சை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஐப்பசியில் மழைச்சாரலுக்குப் பயந்து நான்கு இரவு பக்கத்திரைகளை இறக்கி வைத்தேன். ஐந்தாம் நாள் பூவிதழெல்லாம் புள்ளி, அடுத்த வாரம் அறுவடையே குப்பைமேட்டுக்கு. கஞ்சாவின் கெட்டிப் பூவையும் தாக்குவது அதே பூஞ்சைதான். ஆனால் அங்கே அழுகல் பூவின் உள்ளே தொடங்கும். வெளியே பச்சையாகத் தெரியும். பிரித்தால் உள்ளே பழுப்பும் சாம்பலும். ஜெர்பராவுக்கு மருந்து தெளித்துச் சமாளிக்கலாம். மனிதர் புகையாக உள்ளிழுக்கும் பூவின் மேல் பூஞ்சைக்கொல்லி அடிக்க முடியாது.

‘ஃபேன்-பேட் போட்டால் சரியாகிவிடாதா?’ என்று கேட்பார்கள். ஈரத் தடுக்கு வழியாகக் காற்றை இழுக்கும் அந்த முறை வறண்ட ஊருக்கானது. ஏற்கெனவே ஈரமான காற்றை இன்னும் ஈரமாக்கும், குளிர்ச்சியும் வராது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கலாம்தான். ஆனால் பக்கம் திறந்த குடிலில் அதை ஓட்டுவது ஊர்க்காற்றையே பிழிந்து காயவைக்கும் வேலை. எல்லாவற்றையும் மூடிக் குளிர்சாதனம் போட்டால் மின்கட்டணம் விழுங்கிவிடும். மூடிய அறைக்குப் பெரிய முதலாளியிடம் பணம் இருக்கும். சிறு விவசாயிக்குத் திறந்த குடில்தான், அவருக்குத்தான் அழுகலும்.

இது குறும்பகல் பயிர் என்பதையும் பலர் சொல்வதில்லை. சாமந்திக்கு இரவில் பல்பு எரிக்கும் நம்மவர்களுக்கு இது உடனே புரியும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடுகளில் பகல் ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான். விளக்கு போடாவிட்டால் பெரும்பாலான ரகங்கள் வளரும் முன்பே பூத்துவிடும்.

அறுவடைக்குப் பிறகும் நிம்மதி இல்லை. வெயிலிலோ சூட்டிலோ காயவைத்தால் லிமோனின் ஆவியாகிவிடும்; எந்த மணத்துக்காகப் பயிர் செய்தோமோ அதுவே போய்விடும். நிழலில் மெதுவாக உலர்த்த ஈரக்காற்று விடாது, பூசணம் பிடிக்கும். துளசியையும் கறிவேப்பிலையையும் மணம் போகாமல் உலர்த்தப் பார்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இழுபறி தெரியும்.

இனி சந்தை. தாய்லாந்து 2018இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வழிவிட்டது. 2022 ஜூன் 9 அன்று கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. வீட்டில் வளர்க்க அரசே இலவச நாற்று கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டார்கள், வெளிநாட்டுச் சரக்கும் கள்ளத்தனமாக வந்து இறங்கியது, விலை சரிந்தது. 2025 ஜூனில் அரசு திரும்பவும் பிடியை இறுக்கி, மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்றது. மூன்றே ஆண்டுகள். ஒரு குடிலின் பாலித்தீன் தாளை மாற்றும் காலம்கூட ஆகவில்லை.

நம் நாட்டிலும் கதவு சிறிது திறந்திருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் போதைச்சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் ஹெம்ப் பயிருக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. அது நாருக்கும் விதைக்குமான வயல்வெளிப் பயிர். காணொளியில் மணக்கும் பூ அல்ல. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் ‘விதை தருகிறோம், விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று பேசுபவர்கள் வருவார்கள். ஈமுக் கோழி வந்தபோது நம் மேற்கு மாவட்டங்களில் கேட்ட அதே பேச்சு. அன்று அதை நம்பிக் கொட்டகை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேளாண் அலுவலர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே, ‘அதெல்லாம் கேஸ் ஆகிவிடும்’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. கேஸ் பயம் மட்டும் காட்டினால், அனுமதி வரும் நாளில் விவசாயி தயாரிப்பே இல்லாமல் குதிப்பார். குடிலின் ஈரக்கணக்கையும் தாய்லாந்தின் விலைக்கதையையும் இப்போதே விவசாயிகள் கூட்டத்தில் சொல்லலாம். நாளை உண்மையிலேயே உரிமம் வருமானால், மழை நாட்டுக்கு ஏற்ற ரகத்தை முதலில் ஆராய்ச்சி நிலையம் சோதித்துக் காட்டட்டும். வாங்குபவர் எழுத்தில் விலை சொல்லட்டும். பயிர் 0.3ஐத் தாண்டி அழிக்கப்பட்டால் நட்டம் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதட்டும். பிறகு பார்க்கலாம்.

அந்த இளைஞருக்கு நான் இவ்வளவும் எழுதவில்லை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி ஜெர்பரா பாத்திக்கு நடுவே தொங்கவிட்டு, ஒரு மாதம் அதிகாலையில் மட்டும் பார்த்து எழுதி வைக்கச் சொன்னேன். நேற்றுப் படம் அனுப்பியிருந்தார். காலை 5 மணி, 97 சதவீதம். ‘பக்கத்திரையை எத்தனை மணிக்குத் தூக்கணும்ணே?’ என்று மட்டும் கேட்டிருந்தார்.