வீட்டில் கட்டிய ஹெலிகாப்டர்: பறக்கும் முன்பே பறிபோன உயிர்

தரங்கம்பாடி:

மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டம் புல்சாவங்கி கிராமம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு நாள் இரவு. 24 வயது வெல்டிங் தொழிலாளி ஒருவர், தானே கட்டிய ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். உள்ளே மாருதி 800 கார் இஞ்சின். வேகம் ஏற ஏற வால் விசிறியின் இறக்கை ஒடிந்து மேல் விசிறியில் அடித்தது. மேல் விசிறி அவர் தலையில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பலன் இல்லை.

சுதந்திர தினத்தன்று ஊருக்குப் பறந்து காட்ட வேண்டும் என்று இருந்தாராம். ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை.

'3 இடியட்ஸ்' படம் பார்த்து வந்த ஆசை என்றார்கள். நம்மூரில் 'நண்பன்' என்று ஓடியதே, அதே கதைதான்.

எங்கேயோ நடந்தது என்று இந்தப் பக்கம் தள்ளிவிட முடியாது. சுனாமிக்குப் பிறகு பைபர் படகு பெருகிய கடற்கரை இது. பழைய டீசல் இஞ்சினைப் பிரித்து பம்புசெட்டுக்கும் படகுக்கும் மாற்றிக் கட்டுகிற கைகள் டெல்டா முழுக்க இருக்கின்றன.

220 கிலோ இழுவை

படிப்பு இல்லாததால் வந்த வினை என்று பேசுவது சுலபம். அது சரியல்ல. இஞ்சின் ஓடியது, விசிறி சுற்றியது. அதுவே பெரிய வேலை.

சிக்கல் சுற்றும் வேகத்தில் இருக்கிறது. வெறும் 100 கிராம் இரும்பு, மையத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் வெளியே இழுக்கும் விசை சுமார் 220 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் மூட்டை ஐந்தரை தொங்குகிற கணக்கு! பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தாங்காது. இரண்டு இறக்கைக்கும் கொஞ்சம் எடை வித்தியாசம் இருந்தால் உதறல் எடுத்தே ஒடித்துவிடும். படகு விசிறி ஒடிந்தால் படகு நிற்கும், அவ்வளவுதான். இங்கே ஆளே விசிறிக்குக் கீழே.

இதற்குத் தம்பி மாதிரி ஜைரோபிளேன் என்று ஒன்று உண்டு. பனை ஓலைக் காற்றாடியைக் குச்சியில் குத்திக்கொண்டு ஓடினால் தானே சுற்றுமே, அதே வித்தைதான். பின்னால் இஞ்சின் தள்ளும், மேல் விசிறி காற்றில் தானாகச் சுற்றும். ஸ்பெயின் நாட்டு சியர்வா 1923-ல் பறக்கவிட்டார். சுலபம் என்று வெளிநாடுகளில் வீட்டிலேயே கட்டுகிறார்கள். அதிலும் சாவு உண்டு. மூக்கை சட்டென்று கீழே அமுக்கினால் மேல் விசிறி வேகம் இழந்து வாலையே வெட்டிவிடும்.

ஆனால் அமெரிக்காவில், வீட்டில் கட்டியதை அதிகாரி பார்த்துச் சான்று தந்தால்தான் பறக்கலாம். பொதுவாக முதல் 25 முதல் 40 மணி நேரம் பயணி ஏறக்கூடாது. ஏற்கனவே கட்டிப் பழகியவர்கள் சங்கம் வைத்து, வீட்டுக்கே வந்து குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கேயும் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் பல வருஷம் அலைந்து 2017-ல் பதிவும், 2019-ல் பறந்து சோதிக்க அனுமதியும் வாங்கினார். அவர் விமானி. விமானிக்கே அந்தப் பாடு என்றால், வெல்டிங் பட்டறைக்காரர் எங்கே போவார்? ராத்திரியில் ஓட்டிப் பார்ப்பார்.

அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சொல்லித் தருகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு ஐ.டி.ஐ.யில் கம்பி வலை அடித்த ஷெட், வலைக்கு வெளியே நின்று இஞ்சினை முடுக்க ஒரு நீளக் கம்பி, மாதம் ஒரு தடவை வந்து பார்க்க எம்.ஐ.டி.யில் இருந்து ஒரு வாத்தியார். ஒரு பஸ் நிழற்குடைக்கு ஆகிற செலவுகூட ஆகாது.