பன்னிரண்டு கணினிகளும் ஒரு மாடும்



நீளமான பதிவு. திட்டுவதென்றாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை எங்கள் பாடசாலையில் ஒரு கூட்டம். கணினி ஆய்வுகூடத்தில் இருக்கும் பன்னிரண்டு பெட்டிகளையும் கழிவுப் பட்டியலில் போடுவதா என்பதுதான் விடயம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். எங்கள் பெட்டிகளில் அது கிடையாது. "இனி இதுகளை வைச்சு என்ன செய்யிறது சேர்?" என்று கேட்டார்கள்.

மூன்று பெட்டிகளில் நான் ஏற்கெனவே லினக்ஸ் போட்டிருக்கிறேன், மிச்சத்துக்கும் போட்டுத் தருகிறேன், ஒரு சதமும் செலவில்லை என்றேன். அப்போது ஒரு தகப்பன் எழும்பினார். "சேர், நீங்கள் அந்தக் கறுப்புத் திரையில மாடு கதைக்கிற விளையாட்டுக் காட்டுறீங்களாம். என்ர மகன் வீட்டை வந்து சொல்லுறான். இதுக்கோ நாங்கள் பள்ளிக்கூடம் அனுப்புறம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்ல முதல் கூட்டம் முடிந்துவிட்டது. அந்தப் பதில்தான் இது. (கட்டளைகளின் பெயர்களை வகுப்பில் சொல்லுகிற மாதிரியே எழுதுகிறேன்.)

ஆம், மாடு கதைக்கிறது. அந்தக் கருவியின் பெயர் கௌசே. டோனி மன்ரோ என்பவர் எழுதியது. நீங்கள் ஒரு வசனம் கொடுத்தால், கோடுகளாலும் குறிகளாலும் கீறிய ஒரு மாடு அதை வாயால் சொல்லும். அவ்வளவுதான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த நிமிடம் ஒருவன் கேட்பான்: "சேர், இண்டைய திகதியை மாடு சொல்லுமோ?" சொல்லும். திகதி காட்டுகிற கட்டளைக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு நிமிர்ந்த கோடு போட்டால் போதும். அந்தக் கோட்டுக்குப் பெயர் பைப். குழாய்.

தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. கிணற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து பாத்தி. ஒரு கட்டளை இறைக்கிறதை அடுத்த கட்டளை வாங்கிக்கொள்ளுது. பெல் ஆய்வுகூடத்தில் டக் மக்கில்ரொய் என்பவர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்த யோசனை இது. 1973இல் கென் தொம்சன் அதை யுனிக்ஸில் செய்து காட்டினார். கணினி விஞ்ஞானத்தின் பெரிய யோசனைகளில் ஒன்றை எங்கள் தரம் 8 பிள்ளை ஒரு மாட்டின் வாயிலிருந்து படித்தால், அதில் உங்களுக்கு என்ன குறை?

இனி ரயில். கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ் என்று தட்ட வேண்டும். அவசரத்தில் எழுத்து மாறி எஸ்எல் என்று தட்டினால், திரையில் ஒரு புகைவண்டி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். 1993இல் ஜப்பானியரான டொயோடா மசாஷி செய்த குறும்பு. வழமையான நிறுத்து விசைக்கு அது நிற்காது. முழு வண்டியும் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிழை விட்டதற்கு அடியும் இல்லை, ஏச்சும் இல்லை, ஒரு ரயில். பிழை விட்ட பிள்ளையை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களான நாங்கள்தான் அந்த ஜப்பானியரிடம் படிக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் அதற்கு யாழ்தேவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது என்று சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவர்களுக்கு அது புதினம்.

அதே பாடத்தில் கேல் என்ற நாட்காட்டிக் கட்டளையைக் காட்டினேன். மாதமும் வருடமும் கொடுத்தால் அந்த மாதத்தைக் காட்டும். ஒவ்வொருவராகத் தாங்கள் பிறந்த கிழமையைப் பார்த்தார்கள். "சேர், நீங்களும் ஒண்டு பாருங்கோ" என்றாள் ஒரு பிள்ளை. நான் 10, 1990 என்று தட்டினேன். 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. உம்மா எப்போதும் சொல்லுகிற அதே செவ்வாய். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மாதம் அது. யாழ்ப்பாண நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் அப்ப எத்தினையாம் வகுப்பு சேர்?" என்று மட்டும் ஒருவன் கேட்டான். மூன்றாம் வகுப்பு என்றேன். மணி அடித்தது. அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை, மெதுவாகத்தான் எழும்பிப் போனார்கள்.

இதுதான் அந்த "விளையாட்டு".

சரி, உபயோகம் என்ன என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். போன தவணை என் வகுப்பில் வராத பிள்ளைகளின் விவரத்தை என்னுடைய மடிகணினியில் ஒரு வெறும் எழுத்துக் கோப்பாக வைத்திருந்தேன். ஒரு வரியில் திகதி, கிழமை, பெயர். பெயரை மட்டும் வெட்டியெடு, வரிசைப்படுத்து, ஒரே பெயரை எண்ணு, கூடினதை மேலே போடு, முதல் ஐந்தைக் காட்டு. கட், சோர்ட், யுனிக், மறுபடி சோர்ட், ஹெட். ஐந்து கட்டளை, நான்கு குழாய், ஒரு வரி. முதலாவதாக வந்த பெயரை கிரெப் கொண்டு தேடினேன். வராத நாட்களில் முக்கால்வாசி திங்கட்கிழமை. இடாப்பில் தினமும் அடையாளம் போட்டது நான்தான். ஒரு தவணை முழுக்க அது என் கண்ணில் படவில்லை. அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனேன். மிச்சக் கதை அந்த வீட்டாருடையது.

இதை விரிதாளிலும் செய்யலாம், உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதி வைக்கலாம், அடுத்த ஆசிரியரிடம் கொடுக்கலாம், அடுத்த தவணை அப்படியே ஓட்டலாம். "இதை அமத்து, பிறகு வலப்பக்கம் மேலே இருக்கிறதை அமத்து" என்று சொல்லிக்கொடுத்த படிப்பு, அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியதும் செத்துப்போகும். கிரெப்பும் சோர்ட்டும் நான் பிறக்க முதலே இருந்தவை. இன்றைக்கும் அதே பெயர், அதே வேலை.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

ரெவ் என்று ஒரு கட்டளை, சொல்லைத் திருப்பிப் போடும். "யாழ்" என்று கொடுத்தால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் தொங்கும். ஏனென்றால் எங்களுக்கு இரண்டு எழுத்தாக இருப்பது அதற்கு நான்கு குறி: ய, துணைக்கால், ழ, புள்ளி. பைட் கணக்கில் பன்னிரண்டு. மாட்டுக்குத் தமிழ் கொடுத்தால் வசனத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியின் சுவர் கோணிப்போகும். பல டெர்மினல்களில் கொம்பும் எழுத்தும் பிரிந்து நிற்கும். இதெல்லாம் குறைதான், மறைக்க மாட்டேன்.

ஆனால் யார் குறை? கேல் கட்டளையில் 1752 செப்டெம்பரைப் பாருங்கள். 2ஆம் திகதிக்கு அடுத்தது 14. நடுவில் பதினொரு நாள் காணாது. பிரித்தானியா நாட்காட்டி மாற்றிய மாதம் அது. அப்போது யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில். அவர்களுடைய ஹொலண்டோ 16ஆம் நூற்றாண்டு முடிய முதலே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஆகவே அந்தப் பதினொரு நாளும் எங்கள் ஊரில் தொலையவே இல்லை! கருவியை எழுதினவனின் ஊர் கருவிக்குள் இருக்கும். அது அவன் குற்றமில்லை. எங்கள் ஊர் அதற்குள் இல்லையென்றால், எழுத நாங்கள் போகவில்லை என்று அர்த்தம்.

போனவர்கள் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற பைதன் நூலகம் "யாழ்" என்பதை இரண்டு எழுத்தாகவே பிரித்துத் தரும். அதைக் கொண்டு எங்கள் உயர்தரப் பிள்ளைகள் இருவர் புள்ளி தொங்காத ஒரு ரெவ் எழுதினார்கள். ஐந்தாறு வரிதான். மேடையில் "மூத்த மொழி" என்று முழங்குகிற ஐயாமாரைவிட அந்த ஐந்தாறு வரி தமிழுக்குக் கூடச் செய்திருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லுவேன்.

பாமினியையும் விட மாட்டேன். எங்கள் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் விழா மலர்களும் எத்தனை வருடமாகப் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. தேடினால் ஒரு சொல் அகப்படாது. செட் என்ற கட்டளையால் இதை யுனிகோடுக்கு மாற்றலாம். ஒரு நுட்பம் மட்டும்: பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யுனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். ஆகவே "கொ", "கோ" போன்ற நீளமான கூட்டுகளை முதலில் மாற்ற வேண்டும், தனி எழுத்தைக் கடைசியில். ஒரு தரம் எழுதி வைத்தால் ஆயிரம் கோப்பை ஒரே இரவில் மாற்றலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? 1981இல் எரிந்த யாழ் நூலகத்தில் 97,000 நூல்கள் என்கிறோம். ஒவ்வொரு வருடமும் அழுகிறோம். 2005இல் தொண்டர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இல்லாவிட்டால் மிஞ்சியதும் போயிருக்கும். 1990இல் நாங்கள் விட்டுவிட்டுப் போன வீடுகளில் எவ்வளவு கடதாசி இருந்தது என்று எண்ணிப் பார்க்கவே ஆள் இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் எதைத் தூக்குவது? வெறும் எழுத்துக் கோப்புக்குப் பாரம் கிடையாது. ஒரு பாடசாலையின் முழுச் சரித்திரமும் விரல் அளவுப் பென்டிரைவில் போகும், முப்பது வருடம் கழித்தும் எந்தக் கணினியிலும் திறக்கும். எங்கள் ஊரில் பிறந்த எந்தச் சமூகத்துப் பிள்ளைக்கும் இது விளையாட்டு விடயமில்லை.

இனி, ஒருவரும் கதைக்க விரும்பாத கதை. எங்கள் ஆய்வுகூடங்களில் ஓடுகிற விண்டோஸில் எத்தனை காசு கொடுத்து வாங்கியது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சோதனையில் பார்த்து எழுதினால் பிள்ளையை வெளியே நிறுத்துகிறோம். களவெடுத்த பணிசெயல் முறைமைக்கு முன்னால் இருத்தி "நேர்மை" பற்றித் தட்டெழுதச் சொல்கிறோம்.

மறுபக்கம் பாருங்கள். விம் என்ற எழுத்துத் தொகுப்பானை வெறுமனே திறந்தால், முகப்பில் உகண்டாவிலுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி அடிக்கடி வரும். அதை எழுதிய பிராம் மோலனார் ஒல்லாந்துக்காரர். 1991இல் வெளியிட்டு, 2023இல் இறக்கும்வரை பராமரித்தார். தனக்குக் காசு கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். மரணித்த பிறகும் நன்மை சேர்கிற தர்மத்தை நாங்கள் ஸதகத்துல் ஜாரியா என்போம். அதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

"சோதனைக்கு விண்டோஸ்தானே வரும், வேலைக்கு எக்ஸெல்தானே கேட்பார்கள்?" நியாயமான கேள்வி. லினக்ஸிலும் லிப்ரே ஒஃபிஸில் விரிதாளும் சொல்முறைவழிப்படுத்தலும் படிக்கலாம். எக்ஸெல்லுக்கென்று இரண்டு புதிய கணினி வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. உயர்தரத்துக்குப் பைதன் இருக்கிறது. அதை ஓட்டுகிற இடமே இந்தக் கறுப்புத் திரைதான்.

"ஆபத்தில்லையா?" ஆபத்துத்தான். ஆர்எம் என்று தட்டினால் கோப்பு போய்விடும், குப்பைத் தொட்டியில் கூடக் கிடக்காது. ஒரு பெடியன் தன்னுடைய கோப்புறையை அழித்துவிட்டு அழுதான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் பிரதி எடுக்காத பிள்ளை கிடையாது.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. பன்னிரண்டு பெட்டிகளையும் கழிவுக்குப் போட முதல் ஒரு தவணை தாருங்கள். ஊரில் கணினி படித்துவிட்டு இருக்கும் தம்பி தங்கைமார், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வாருங்கள். கூட்டத்தில் எழும்பிக் கேட்ட அந்தத் தகப்பன், நீங்கள் கட்டாயம் வாருங்கள். கோபத்தில் கூப்பிடவில்லை. அக்கறை இருந்தபடியால்தான் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு ஆய்வுகூடம் திறந்திருக்கும். உங்கள் மகனே உங்களுக்கு மாட்டைக் காட்டட்டும். பிறகு அந்த நிமிர்ந்த கோடு எதற்கு என்று அவனிடம் கேளுங்கள். அவன் விளங்கப்படுத்தாவிட்டால், பெட்டிகளை லொறியில் ஏற்ற நானே கை கொடுக்கிறேன்.