கரை தனியாருடையது; உயிர் யாருடையது?

மூலக்குளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. அதற்கு மேற்கே புதுவையின் மிகப் பெரிய ஏரியாகிய ஊசுட்டேரி இருக்கிறது. ஏரிக்கரையின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழையைப் புதுவையில் கொட்டியது. 'கரை தாங்குமா?' என்ற கேள்வி அன்று நம் நெஞ்சை அழுத்தியது.

ஊசுட்டேரி அரசின் பொறுப்பில் உள்ளது. கரை பழுதானால் கேட்க ஓர் இடம் உண்டு. தனியார் ஒருவர் தம் நிலத்தில் மண்ணைக் குவித்து நீரைத் தேக்கினால் யாரைக் கேட்பது? 'என் நிலம், என் பணம், என் நீர்' என்பார் உடையவர். சரி, கரை உடைந்தால் அந்த வெள்ளம் அவர் வேலியோடு நின்றுவிடுமா?

கென்யா நாட்டின் சோலாய் என்ற ஊரில் நின்றுவிடவில்லை. 2018 மே 9 இரவு, கனமழையில் நிரம்பிய ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்தது. 48 பேர் மாண்டனர், குழந்தைகள் பலர். நீரால் விளைந்த இலாபம் பண்ணைக்கு; நீர் கொண்டுபோன உயிர்கள் ஏழைகளுடையவை!

மண்கரை முன்னறிவிப்பின்றிச் சாவதில்லை. எலி வளையும் நண்டு வளையும் துளையிடும். பட்டுப்போன மரத்தின் வேர் வழிவிடும். கசிவு கலங்கி வரத் தொடங்கும். கலங்கல் அடைபட்டிருந்தால் நீர் கரைமேல் ஏறி அரித்துவிடும். பார்ப்பதற்கு ஆளிருந்தால் தடுக்கலாம்.

பார்ப்பது யார்? இந்திய அரசு 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில வகைகளுமே அதன் கண்ணில் படுகின்றன. அதற்குத் தாழ்ந்த கரை உடைந்தால் குடிசை மிதக்காதா?

கரையின் உயரத்தை மட்டும் அளக்காதீர்கள்; அதன் கீழே எத்தனை வீடுகள் என்று எண்ணுங்கள் என்கிறோம். கீழே குடியிருப்பு உள்ள தனியார் நீர்த்தேக்கம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுதோறும் மழைக்கு முன் பொறியாளர் சோதிக்க வேண்டும். பழுதைச் சீர்செய்யும் செலவு உடையவருடையது.

தோழர்களே! ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் ஊர்க் கரைகளை நடந்து பாருங்கள். கசிவு கண்டால் அன்றே மனுக் கொடுங்கள். உடைந்தபின் எழும் கண்டனக் குரல் ஓர் உயிரையும் மீட்டதில்லை.